ஜூனியர் தாதி என்னிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லக்கூடாதாம். நான் என்ன செய்வது?

இரவுப்பணிக்காரி எழுதியது:

வணக்கம். இந்தத் தளத்தை ஆறு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் மூத்த தாதி. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். ஊர் கும்பகோணம் பக்கம், சிங்கப்பூர் வந்து 11 வருடம் ஆகிறது. என் வார்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். 26 வயது, எஸ் பாஸ் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி), வந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அவளை இங்கே 'தங்கச்சி' என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

எங்கள் வார்டில் மருந்து அறை ரொம்பச் சின்னது. கார்டைத் தட்டினால்தான் கதவு திறக்கும், உள்ளே போனதும் தானாகச் சாத்திக்கொள்ளும். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். அதனால் மருந்து ட்ரொலியை வெளியே நிறுத்திவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து வருவதுதான் எங்கள் வழக்கம். தங்கச்சி கொஞ்ச நாளாக ட்ரொலியை உள்ளே இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். சக்கரம் வாசல் தகட்டில் 'டக்'கென்று இடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கடைசிக் கட்டில் வரை கேட்கும். நாலைந்து தடவை நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். போன வாரம் பொறுமை போய் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "எதுக்குடி வண்டியை உள்ள இழுக்கிறே? அதோட குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

காலையில் ரிப்போர்ட் கொடுத்து முடித்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். எட்டு மணி வெயில் கண்ணைக் கூசுகிறது. பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. "அக்கா, வண்டி உள்ள இருந்தா அவரால என் பின்னாடி வந்து நிக்க முடியாது" என்றாள்.

'அவர்' எங்கள் வார்டுக்கு வந்து புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்த ஆண் தாதி. ஊசி மருந்து போடத் தகுதி வந்துவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் காம்பிடன்சி பேப்பர் இல்லாமல் இவளுக்கு புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், முடியாது. முதலில் தோளில் தட்டிப் பேசுவதாக இருந்திருக்கிறது. பிறகு மேல் தட்டில் எதையோ எடுப்பதுபோலப் பின்னால் வந்து ஒட்டி நிற்பது. இரண்டு முறை இடுப்பில் கை. இவள் நகர்ந்தபோது, "இவ்வளவு பயந்த பொண்ணு எப்படி நரம்புல ஊசி போடுவே?" என்று சிரித்தாராம். வாட்ஸ்அப்பில் செய்தியும் வரும், ஒரு நாளில் தானாக அழிந்துபோகும்படி வைத்திருக்கிறார்.

அவரும் நம்மாள்தான். பொங்கலுக்கு எங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போட்டவர். தங்கச்சிக்கு வாடகை அறை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். 'அண்ணன்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், நானும்தான்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. "மொத நாளே ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "14ஆம் கட்டில் விஷயத்தை உங்ககிட்டதானே அக்கா சொன்னேன்" என்றாள்.

எனக்கு ஞாபகம் வர ஒரு நிமிடம் ஆனது. அவள் வந்த இரண்டாம் மாதம், 14ஆம் கட்டிலில் ஒரு நோயாளி. கால் முறிவு, அறுபது வயது இருக்கும், புத்தி தெளிவாக இருந்த மனிதர். இவள் உடம்பு துடைத்துவிடும்போது கையைப் பிடித்து இழுத்துத் தன் மேல் வைத்திருக்கிறார். அழுதுகொண்டு வந்து சொன்னாள். அன்றைக்கு ஷிப்ட் இன்சார்ஜ் நான்தான். மூன்று புது அட்மிஷன், ஆள் பற்றாக்குறை. "வயசானவர்மா, விடு. நாளைக்கு அவருக்கு ஆம்பள ஸ்டாஃப் போட்டுடறேன்" என்றேன். போட்டும் விட்டேன். அதோடு வேலை முடிந்ததாக நினைத்தேன். எங்கும் ஒரு வரி எழுதவில்லை.

இப்போது அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று. பேப்பர் நின்றுவிடும், பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஊரில் கேட்பார்கள், கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. நான் பேசாமல் இருந்தால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு புதுப் பெண்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் அவர்தான் பயிற்சி. சத்தியத்தை மீறி மேலே சொல்லவா? சொன்னால் அவள் பாஸ் என்ன ஆகும்? செய்திகள் அழிந்துவிட்டன, அறையில் கேமரா கிடையாது, ஆதாரத்துக்கு எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஊட்ரம்_மாணவி எழுதியது:

எனக்கு 66 வயசுமா. 1979ல ஊட்ரம் தாதிமைப் பள்ளியில சேர்ந்தேன். எங்க காலத்துல இதுக்குப் பேரே கிடையாது. 'அந்த டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா ட்ரேயை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கோ' அப்படின்னு சீனியர் சொல்லிக் கொடுப்பாங்க. அதுதான் எங்களுக்குக் கிடைச்ச பயிற்சி. உங்க தங்கச்சியோட ட்ரொலியைப் படிச்சதும் அந்த ட்ரேதான் ஞாபகம் வந்துச்சு. நாப்பது வருஷத்துல தட்டு வண்டியா வளர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. மேல போறதைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, 14ஆம் கட்டில் விஷயத்துல நீங்க செஞ்சது தப்புன்னு அவகிட்ட வாயால சொல்லுங்க. ஆள் பத்தல, அட்மிஷன் வந்துச்சு, அந்தக் காரணமெல்லாம் சொல்லாதீங்க. அவளும் அங்கதான் இருந்தா, அவளுக்கே தெரியும். 'நீ சொன்னே, நான் கேக்கல' அப்படின்னு மட்டும் சொன்னாப் போதும். இது உங்க மனசு ஆறறதுக்காக இல்ல. ஒருத்தர்கிட்ட சொன்னா ஒண்ணும் நடக்காதுன்னு உங்ககிட்டதான் அவ கத்துக்கிட்டா. மாத்திக் கத்துக்கிறதும் உங்ககிட்ட இருந்துதான் வரணும்.

சத்தியத்தைப் பத்தி. அவளைத் தாண்டிப் போய்ச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒருத்தன் அவளைக் கேக்காம கை வெச்சிருக்கான், நீங்களும் அவளைக் கேக்காம முடிவெடுத்தா நல்லாவா இருக்கும்? ஆனா 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' அப்படின்னு அவளுக்கு வாக்குக் குடுத்தீங்களே, அது குடுக்கக்கூடாத வாக்கு. நாங்க வார்டுல மாணவிகளுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுப்போம்: 'உன்கிட்ட கேக்காம நான் எதுவும் செய்யமாட்டேன். இன்னொருத்தருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மொதல்ல உன்கிட்ட வந்து சொல்லுவேன்.' இதைப் போய் மாத்திச் சொல்லுங்க. புதுப் பொண்ணுங்க வராங்கன்னு சொன்னீங்களே, அந்தக் கணக்கை அவளே போடுவா. நீங்க எடுத்துச் சொல்லி அவ தலையில பாரம் ஏத்த வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த வாடகை அறை. அவர் பிடிச்சுக் குடுத்ததுன்னு எழுதியிருக்கீங்க. வீட்டுக்காரர் அவருக்கு வேண்டியவரா? சாவி யார்கிட்ட இருக்கு? வேலையிடத்தைப் பத்தி ஆயிரம் பேர் ஆலோசனை சொல்லுவாங்க, நீங்க இதை இன்னிக்கே கேளுங்க.

—

பீஷான்_வாசி எழுதியது:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு ஒரு மனிதரின் 20 வருட வேலையை முடித்துவிடலாமா? குடும்பம் இருக்கிறது. சின்ன அறை, நெருக்கத்தில் மேலே படுவது நடக்கத்தான் செய்யும். தாதிகள் நீங்கள் நோயாளியின் உடம்பைத் தொட்டுத்தானே வேலை செய்கிறீர்கள்? நம் ஆட்களே நம் ஆளைக் காட்டிக்கொடுத்தால் மற்ற இனத்தவர் என்ன நினைப்பார்கள்? அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடிப்பதே நல்லது.

—

ஆண்_தாதி_எழுதுகிறேன் எழுதியது:

பீஷான் அண்ணே, உங்கள் கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ஆமாம், நாங்கள் தொட்டுத்தான் வேலை செய்கிறோம். அதனால்தான் எது வேலைத் தொடுதல், எது இல்லை என்று எங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தொடுவதற்கு முன்னால் சொல்வோம்: "ஐயா, சட்டையைக் கழற்றப் போறேன், இடது பக்கம் திரும்புங்க." மயக்கத்தில் இருப்பவரிடமும் சொல்வோம். மருந்து அறையில் ஒரு பெண்ணின் இடுப்பில் கை வைக்கிறவர் எந்தச் சிகிச்சைக்காக வைத்தார்? அவர் 20 வருடம் இந்த வேலை பார்த்தவர் என்றால் எல்லாரையும்விட அவருக்குத்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நான் மறதி நோயாளிகள் வார்டில் 8 வருடம். 14ஆம் கட்டில் மாதிரி விஷயத்தைப் பற்றி எழுதத்தான் வந்தேன். எங்கள் இடத்தில் தினமும் ஏதாவது நடக்கும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் கூச்சம், கட்டுப்பாடு எல்லாம் போய்விடும். ஒரு தாத்தா தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடிப்பார். அவரைத் தண்டிக்க ஒன்றுமில்லை. ஆனால் 'அவருக்குத் தெரியாது பாவம்' என்பதோடு நிறுத்தினால் அது தாத்தாவுக்கு மட்டும் பதில். தாதிக்கு என்ன பதில்?

நாங்கள் செய்வது இதுதான். உடம்பு துடைக்கும்போது அவர் இரண்டு கையிலும் சுருட்டிய துண்டைக் கொடுத்துவிடுவோம், பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் பாதி பிரச்சினை வராது. எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்போம். மூடிய இடத்தைக் கடைசியில் திறப்போம், முடிந்தவரை அவரையே துடைத்துக்கொள்ளச் சொல்லித் துணியைக் கையில் கொடுப்போம். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது நடந்தது என்று குறிப்பில் எழுதுவோம். 'தகாத நடத்தை' என்று மொட்டையாக எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு உபயோகமில்லை. பிறகு, தொடப்பட்டவரை அன்று அந்தக் கட்டிலிலிருந்து மாற்றிவிட்டு, ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் கோப்பி கொடுப்போம். இந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பட்ஜெட்டும் தேவையில்லை.

அக்கா, நீங்கள் சொன்ன நோயாளி தெளிவான மனிதர். அங்கே துண்டு வேலைக்கு ஆகாது. இன்சார்ஜ் நேராகப் போய், "இது இங்கே நடக்கக்கூடாது, இன்னொரு முறை நடந்தால் காவல்துறையைக் கூப்பிடுவோம்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆண் ஸ்டாஃப் போடுவது தப்பில்லை. ஆனால் அதை மட்டும் செய்தால் பெண்ணை அவர் பார்வையிலிருந்து நகர்த்தியதாகத்தான் ஆகும், அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அப்புறம் எங்களையும் கேட்காமல் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள், அது வேறு கதை. ஆண் தாதிக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு நோயாளியின் சொந்தக்காரப் பெண்மணி ஒவ்வொரு முறையும் என் கன்னத்தைக் கிள்ளுவார், பின்னால் தட்டுவார். சொன்னால் வார்டே சிரிக்கும். நானும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று முறை குளிப்பேன்.

—

புகார்_மேசை எழுதியது:

சுகாதாரத் துறையில் மனிதவளப் பிரிவில் பல வருடம் இருந்தவன், விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வேறு வேலை. வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இடுப்பில் கை வைப்பது 'தொல்லை' என்கிற தளர்ந்த வார்த்தைக்குள் அடங்காது. தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவில் வரும் மானபங்கம். 2022 மார்ச் 1 முதல் அதற்கு அதிகபட்சச் சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்ந்திருக்கிறது, அபராதமும் பிரம்படியும் சேரலாம். வாயால் பேசியதற்கும் செய்தி அனுப்பியதற்கும் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் உதாரணமாகவே வேலையிடத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்: ஒருவர் தன் சக ஊழியர் மேல் தனக்குள்ள ஆசையை, அவர் காதில் விழும்படி, மற்றவர்களிடம் விலாவாரியாக வர்ணிப்பது. கை படவேண்டும் என்பதுகூட இல்லை, பேச்சே போதும். இந்தச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கத் தனி நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இயங்குகிறது. மூன்று மாதம் ஆகிவிட்டதே, ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இங்கே குற்ற வழக்குக்குக் கால வரம்பு கிடையாது. பாலியல் குற்றப் புகாரில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடவும் சட்டத்தில் தடை இருக்கிறது. ஊரில் தெரிந்துவிடும் என்கிற பயத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆதாரத்துக்கு வருகிறேன். கேமரா இல்லை என்று கை விரித்துவிடாதீர்கள். கார்டு தட்டினால் திறக்கும் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எப்போது தட்டினார்கள் என்பது எங்கேயோ பதிவாகிக்கொண்டேதான் இருக்கும். மருந்து அலமாரி மின்னணு வகை என்றால் அவள் லாகின் செய்த நேரமும் இருக்கும். 2:10க்கு அவள் நுழைந்தாள், 2:11க்கு அவர் நுழைந்தார், அவருக்கு அன்று அந்த வார்டில் மருந்து வேலை எதுவும் இல்லை. இப்படி நாலு நாள் வரிசையாக வந்தால் விசாரணைக் குழு நிமிர்ந்து உட்காரும். ஆனால் இந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் புகாரிலேயே 'கதவுப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இனி வரும் செய்திகளை வந்தவுடன் இன்னொரு போனால் படம் எடுக்கட்டும். ட்ரொலியும் ஆதாரம்தான். 'எப்போதிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள், நான் எத்தனை முறை திட்டினேன்' என்று நீங்களே ஒரு சாட்சி எழுதித் தரலாம். பஸ் நிறுத்தத்தில் உங்களிடம் சொன்னது எந்தத் தேதி, என்ன வார்த்தை என்பதையும் உங்கள் கைப்பட எழுதி வையுங்கள்.

பாஸ் பற்றி. புகார் கொடுத்ததற்காக நீக்கினால் அவள் கையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும் என்பதில்லை. கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், நியாயமற்ற பணிநீக்கம் என்று, அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் சேர்ந்த முத்தரப்புச் சமரச அமைப்பில் முறையிடலாம். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கினாலும் முறையிடலாம். அதனால் எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நீக்குவதைவிட அதிகம் நடப்பது வேறு. 'உன் நல்லதுக்குத்தான்' என்று புகார் சொன்னவளை வேறு வார்டுக்கு மாற்றுவார்கள். அவர் அங்கேயே இருப்பார். வார்டில் கதை தானாகக் கிளம்பும். நான் உட்கார்ந்த குழுவிலேயே ஒருமுறை அப்படி முடிவெடுத்தோம், நானும் தலையாட்டினேன். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். ஆகவே புகாரில் கேளுங்கள்: விசாரணை முடியும்வரை காம்பிடன்சி பேப்பரை வேறு ஒருவர் பார்க்கவேண்டும், மாறவேண்டியவர் அவர், அவளாக விரும்பினால் ஒழிய அவள் இல்லை. அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவது ஆகாது இது. பீஷான்வாசி கேட்ட 'இன்னொரு பக்கம்' விசாரணையில்தான் கேட்கப்படும், அவருக்கும் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. பெரியவரை வைத்துப் பேசி முடித்தால் அவள் பக்கமும் எழுத்தில் இருக்காது, அவர் பக்கமும் இருக்காது.

முதலாளி கிடப்பில் போட்டால், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டஃபெப்பிடம் (TAFEP) போகலாம். அவர்கள் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், ஆனால் முதலாளியை முறையாக விசாரிக்கச் சொல்வார்கள். மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசி, முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து 2015லேயே வேலையிடத் தொல்லை பற்றி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டிருக்கின்றன. அவர் பதிவுபெற்ற தாதி என்பதால் சிங்கப்பூர் தாதிமை வாரியத்திடமும் புகார் செய்ய முடியும்.

இன்னொரு விஷயம், இது என் சொந்தப் புலம்பல். 2022ல் சுகாதார ஊழியர்களைத் தொல்லையிலிருந்து பாதுகாக்க முத்தரப்புக் குழு அமைத்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கேட்டார்கள். மூன்றில் இருவர் தாங்களே அனுபவித்ததாகவோ பார்த்ததாகவோ சொன்னார்கள். அதன்பின் மருத்துவமனைச் சுவரெல்லாம் 'எங்கள் ஊழியர்களை மதியுங்கள்' என்று அறிவிப்பு வந்தது. நல்லதுதான். ஆனால் அது நோயாளிக்கும் சொந்தக்காரர்களுக்கும் எழுதியது, மின்தூக்கிப் பக்கம் ஒட்டியிருக்கிறது. கார்டு தட்டித் திறக்கிற அறைக்குள் எதுவும் ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை.

முதலில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அவேர் பெண்கள் அமைப்பின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையத்தை அழைக்கட்டும். காவல்துறைக்குப் போகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். போக முடிவெடுத்தால் துணைக்கு வருவார்கள்.

—

இரவுப்பணிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பீஷான்வாசி அண்ணன், உங்கள் கருத்தை அப்படியே தங்கச்சிக்குக் காட்டினேன். "ஊர்ல எங்க பெரியப்பா பேசற மாதிரியே இருக்கு" என்றாள். ஒரு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். தோசைக் கடைக்குப் பக்கத்து மேசை, ஒரே கூட்டம், அதனால்தான் அங்கே. வெறிச்சோடிய இடத்தில் இதைப் பேச இருவருக்கும் வாய் வராது. ஊட்ரம் அம்மா சொன்னபடி 14ஆம் கட்டிலில் ஆரம்பித்தேன். ஆள் பற்றாக்குறை என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தே தாரிக் டீயில் ஆடை கட்டும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு, "நான் அப்பவே திரும்ப ஒருக்கா சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றாள். அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள்! இல்லை என்று சொல்லித் தடுத்தேன்.

அறை விஷயம்: சாவி அவரிடம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் அவருடைய நண்பர். வரும் வெள்ளியன்று என் அறைக்கு மாறுகிறாள், என்கூட இருக்கும் மலையாளப் பெண் ஒத்துக்கொண்டுவிட்டாள்.

மேலே சொல்வதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. அவேருக்கு அவளே போன் செய்தாள், என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினாள். எழுதி வைக்கமட்டும் சம்மதித்துவிட்டாள். நீல பேனாவில் மூன்று பக்கம். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இரண்டாவது பத்தியிலேயே தமிழுக்கு மாறிவிட்டாள்.

என் பங்குக்கு 14ஆம் கட்டில் சம்பவத்தை இத்தனை மாதம் கழித்து அறிக்கையாக எழுதி மேலாளருக்கு அனுப்பினேன், அவள் அனுமதியோடு. 'ஏன் தாமதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பொறுப்பில் இருந்த தாதி பதிவு செய்யவில்லை' என்று என்னைப் பற்றி நானே எழுதினேன். மேலாளர் கூப்பிட்டிருக்கிறார், புதன்கிழமை.

ஒரே ஒரு சந்தேகம். அந்த மூன்று பக்கத்தில் பாதி இடத்தில் தேதி இல்லை. 'ஒரு நைட்', 'இன்னொரு நைட்' என்றே எழுதியிருக்கிறாள். தேதி ஞாபகம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்களோ என்று பயப்படுகிறாள். ஊகித்துப் போடலாமா?

—

ஊட்ரம்_மாணவி எழுதியது:

ஊகிச்சு மட்டும் போடாதீங்க. ஒரு தேதி தப்பாப் போனா மிச்சம் எல்லாத்தையும் அதை வெச்சே அடிப்பாங்க. தெரியலன்னா 'தேதி தெரியல' அப்படின்னே எழுதட்டும், பக்கத்துல ஞாபகம் இருக்கறதைப் போடட்டும். அன்னிக்கு எந்தக் கட்டில்ல யாருக்கு என்ன மருந்து, வெளியில மழையா, கூட யார் டியூட்டி, மறுநாள் லீவா, அம்மாவுக்குப் பணம் அனுப்பின நாளா. தாதிங்களுக்குத் தேதி மறக்கும், 2 மணி ஆன்டிபயாடிக் மறக்காது.

அப்புறம் ரோஸ்டர், அதான் டியூட்டி அட்டவணை. உங்க வார்டு வாட்ஸ்அப் குழுவுல மாசாமாசம் போடுவாங்க இல்லையா? அவ நைட் பார்த்த நாளையும் அவர் நைட் பார்த்த நாளையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு மாசத்துல ரெண்டு பேரும் சேர்ந்து வர்றது நாலோ அஞ்சோதான் இருக்கும், அதுக்குள்ளதான் தேடணும். புதன்கிழமை மேலாளரைப் பாக்கறதுக்கு முன்னாடியே பழைய ரோஸ்டர் எல்லாத்தையும் இறக்கி வெச்சுக்குங்க. அந்தக் குழுவுக்கு அட்மின் யாருன்னும் பாருங்க.

—

இரவுப்பணிக்காரி எழுதியது:

பார்த்தேன். அவர்தான். இறக்கிக்கொண்டிருக்கிறேன்.